பாரிஸ்ல நம்ம சாப்பாடு தேடறவங்க லாச்சப்பல் வரைக்கும் வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் காரைக்கால்காரன், பாரிஸ் பக்கத்துல சார்செல்ல இருக்கேன்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல பாரிஸ்ல இந்தியச் சாப்பாடு பத்தி வந்த கட்டுரைய எங்க வாட்ஸ்அப் குரூப்ல யாரோ போட்டிருந்தாங்க, படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, படமெல்லாம் அருமை, ஆனா கடைசியில பாரிஸ் போறவங்க பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, அங்க நம்ம ஊர் ருசியில ஒண்ணும் கிடைக்காதுன்னு முடிச்சிருந்தாங்க பாருங்க, அத படிச்சதும் மனசு கேக்கல, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

கட்டுரை எழுதினவங்க இந்தியன் ரெஸ்டாரன்ட் நெறைய இருக்கற பசாஜ் பிராடிங்கிற சந்து வரைக்கும் வந்திருக்காங்க. அங்கேர்ந்து அதே ஃபோபூர் சென் தெனி ரோட்ட பிடிச்சு வடக்கால நேரா ஒரு பதினஞ்சு இருவது நிமிஷம் நடந்திருந்தா போதும். கார் து நோர் ஸ்டேஷன தாண்டினதும் கடை போர்டெல்லாம் தமிழ்ல மாறும். நகைக்கடை, புடவைக்கடை, தமிழ்ப் பட போஸ்டர், செல்போன் கடை, பூ விக்கிற கடை, அப்புறம் ரெண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைங்க. ரோடு முடியற எடத்துல தலைக்கு மேல ரெண்டாம் நம்பர் மெட்ரோ ஓடும். அதுதான் லாச்சப்பல். பிரெஞ்சுக்காரங்க லா ஷப்பேல்னு சொல்வாங்க, நாங்க எல்லாரும் லாச்சப்பல்னுதான் சொல்றது. உங்க கட்டுரையில இந்தப் பேரு ஒரு எடத்துலகூட வரல.

பசாஜ் பிராடிய நான் கொறை சொல்லல. 1828ல கட்டின கண்ணாடிக்கூரை போட்ட பழைய சந்து அது, 1970கள்ல புதுச்சேரிக்காரர் ஒருத்தர் அங்க கடை போட்டதுலேர்ந்து இந்தியச் சாப்பாட்டுக்குன்னு பேர் வாங்கின எடம், அந்தப் பெருமை எங்க ஊர்க்காரங்களுக்கு எப்பவும் உண்டு. ஆனா இன்னைக்கு அங்க முக்காவாசி வட இந்திய, பாகிஸ்தானி ஸ்டைல் ரெஸ்டாரன்ட்தான், வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுவாங்க, கொழம்புல கிரீம் ஊத்தி காரத்த கொறைச்சு பிரெஞ்சு நாக்குக்கு ஏத்த மாதிரி குடுப்பாங்க. சீஸ் நான்னு ஒண்ணு இருக்கு, உருக்கின சீஸ மாவுக்குள்ள வச்சு சுடறது, அது இல்லாத இந்தியன் ரெஸ்டாரன்ட் பிரான்ஸ்ல கிடையாது. பிரெஞ்சுக்காரங்க அத நம்ம ஊர் பாரம்பரியச் சாப்பாடுன்னே நினைச்சுக்கிட்டு இருக்காங்க, பசங்களுக்கும் பிடிக்கும், இருந்துட்டு போகட்டும். ஆனா அது வேற, நீங்க உங்க வாசகர்களுக்கு சொல்ல வேண்டியது வேற. எட்டு நாள் யூரோப் டூர்ல ரொட்டியும் சாலடும் தின்னு நாக்கு செத்துப்போய் வர்ற மதுரைக்காரருக்கும் திருச்சிக்காரருக்கும் சீஸ் நான் எதுக்கு, அவங்களுக்கு ஒரு கை சோறும் ரசமும் வேணும், அது இங்க தாராளமா கிடைக்குது.

இதுல டூர் நடத்துறவங்க மேலயும் எனக்கு ரொம்ப வருத்தம் இருக்கு. எங்க சொந்தக்காரங்க ஒரு பெரிய குரூப்பா தமிழ்நாட்டுலேர்ந்து டூர்ல வந்தாங்க, வயசானவங்க நெறைய பேரு, தெனமும் ராத்திரி பஸ்ல கூட்டிட்டு போய் ஏதோ ஒரு பஃபேல எறக்கி விட்டு பன்னீரும் ஆறிப்போன நானும் ஒரு மஞ்சப் பருப்பும் போட்டு அனுப்பியிருக்காங்க, பெரியம்மா ரெண்டாவது நாளே போன் பண்ணி தயிர்சாதம் எங்கயாச்சும் கிடைக்குமாடான்னு கேக்குறாங்க. அந்த பஸ் தெனமும் கார் து நோர் வழியாத்தான் போயிட்டு வந்திருக்கு. நான் போய் நாலு பேர கூட்டிட்டு வந்து லாச்சப்பல்ல ஒக்காரவச்சேன், சரவணபவன் இருக்கு அங்க, சாம்பார் வடையும் காப்பியும் உள்ள போனதும்தான் பெரியம்மா மொகத்துல சிரிப்பு வந்துச்சு.

ஆனா சரவணபவன மட்டும் சொல்லிட்டு நிறுத்தினா நான் எழுத வந்த விஷயத்த சொல்லாமலே போனவனாயிடுவேன். இந்த லாச்சப்பல உண்டாக்கினது தமிழ்நாட்டுக்காரங்களும் இல்ல, எங்கள மாதிரி புதுச்சேரி காரைக்கால்காரங்களும் இல்ல, ஈழத்தமிழர்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரங்க. போர்டுல இந்தியன் ரெஸ்டாரன்ட், இந்தியன் ஸ்பெஷாலிட்டின்னு போட்டிருக்கும், பிரெஞ்சுக்காரனுக்கு இந்தியான்னாத்தான் புரியும்னு போட்டது அது, உள்ள போனா முதலாளி யாழ்ப்பாணம், சமைக்கிறவர் யாழ்ப்பாணம், கொழம்புத்தூள் யாழ்ப்பாணம். உங்க கட்டுரை முழுக்க இந்திய உணவகம் இந்திய சமையல்காரர்னே போகுது. அவங்களுக்கு சேர வேண்டிய பேர அவங்களுக்கு குடுக்கணும் சார், அதுவும் ஒரு தமிழ்ப் பத்திரிகை கண்டிப்பா குடுக்கணும்.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன். 1954ல புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு, 1962ல ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தப்ப பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் குடுத்தவங்க இருக்காங்க, எங்க பக்கத்துல சொல்தா குடும்பம்னு சொல்வோம், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க குடும்பம். அப்படி வந்தவங்கதான் பாரிஸ சுத்தி சார்செல், கார்ஜ் பக்கமெல்லாம் குடியேறினாங்க. அந்தக் காலத்துல கறிவேப்பிலைக்கும் தேங்காப்பாலுக்கும் பட்ட பாட்ட எங்க பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன், பாரிஸோட இன்னொரு கோடியில பதிமூணாம் வட்டாரத்துல இருக்கற சைனாக்கார கடைக்குப் போய் கிடைச்சத வாங்கிட்டு வருவாங்களாம், இட்லிப் பானைய ஊர்லேர்ந்து பொட்டியில வச்சு கொண்டு வந்தவங்க இருக்காங்க. நாங்க வீட்டுல சமைச்சு வீட்டுல சாப்பிட்ட ஜனம். கடைத்தெருன்னு ஒண்ண எங்களால உண்டாக்க முடியல.

1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் ஈழத்துலேர்ந்து ஜனங்க வர ஆரம்பிச்சாங்க. நாங்க கையில பாஸ்போர்ட்டோட வந்தோம், அவங்க உசிர கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. பாஷை தெரியாது, பேப்பர் கிடையாது, கிடைச்ச வேலை ரெஸ்டாரன்ட்ல தட்டு கழுவறது, அப்புறம் காய் நறுக்கறது, அப்புறம் அடுப்பு. இன்னைக்கு பாரிஸ்ல பிரெஞ்சு ரெஸ்டாரன்டோ இத்தாலியன் ரெஸ்டாரன்டோ ஜப்பான் ரெஸ்டாரன்டோ எதுக்குள்ள வேணா போய் கிச்சன்ல எட்டிப் பாருங்க, ஒரு தம்பி தமிழ்ல பேசிக்கிட்டு நிக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. 2023ல பாரிஸ் மாநகராட்சி வருஷா வருஷம் நடத்துற சிறந்த பகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) போட்டியில முதல் பரிசு வாங்கினவர் தர்ஷன் செல்வராஜா, இலங்கையிலேர்ந்து வந்த தமிழர், 2006ல பிரான்ஸ் வந்து இருவதாம் வட்டாரத்துல பேக்கரி வச்சிருக்கார். அந்தப் பரிசு வாங்கினவங்கதான் ஒரு வருஷத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி குடுக்கறது. பிரெஞ்சுக்காரனோட ரொட்டியையே அவனவிட நல்லா சுட்டுக் காட்டின சமூகம் சார் இது, அவங்க அவங்களோட சாப்பாட்ட எப்படி சமைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்படி அடுத்தவன் அடுப்புல நின்னு சேர்த்த காசுலதான் கார் து நோருக்குப் பின்னாடி ஒவ்வொரு கடையா போட்டாங்க. இன்னைக்கு நான் லாச்சப்பல் போனா மொதல்ல போறது கொத்து ரொட்டி கடைக்குத்தான். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நிப்பார், ரோட்டுலேர்ந்தே பாக்கலாம், வீச்சு ரொட்டிய கிழிச்சு சூடான தகட்டுல போட்டு வெங்காயம், லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி ஒரு காய்), முட்டை, மேல ஆட்டுக்கறிக் கொழம்ப ஊத்தி ரெண்டு கையிலயும் ரெண்டு தகடு பிடிச்சு கொத்துவார் பாருங்க, அந்தத் தாளம் நாலு கடை தள்ளிக் கேக்கும். நம்ம ஊர் கொத்து பரோட்டாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, நம்முது சால்னாவுல ஊறி கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், இது உதிரி உதிரியா இருக்கும், லீக்ஸ் போடறதுனால ஒரு இனிப்பு வாசனை வரும், வறுத்த தூள் நெடி தனியாத் தெரியும். யாழ்ப்பாணத் தூள்னா மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாத்தையும் நல்லா செவக்க வறுத்து அரைக்கறது, அதான் கறி அந்த கருஞ்செவப்பு நெறத்துல வருது. ஆர்டர் குடுக்கும்போது உள்ளேர்ந்து கேப்பாங்க, "அண்ணை, உறைப்பு கூடவோ குறைச்சோ?"ன்னு. நான் கூடவே போடுங்க தம்பின்னா "அப்ப தண்ணியையும் பக்கத்தில வச்சுக்கொண்டு இருங்கோ"ன்னு சொல்லிட்டுத்தான் கொத்தவே ஆரம்பிப்பார். உண்மையிலேயே காரம், சாதாரண காரம் இல்ல, ஊர்லேர்ந்து வர்றவங்க மொத தடவை கொறைச்சே கேளுங்க.

சின்னப் பலகாரம் வேணும்னா கண்ணாடி அலமாரியில மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட், கடலை வடை, வாழைப்பழம் பெசஞ்சு பொரிச்ச வாய்ப்பன் எல்லாம் அடுக்கியிருக்கும், ஒண்ணு ஒண்ணரை யூரோவுக்குள்ள முடிஞ்சிடும், பாரிஸ்ல அந்தக் காசுக்கு ஒரு காப்பி கிடைக்கிறதே கஷ்டம். ரோல்ஸ்ங்கிறது மெல்லிசா தோசை மாதிரி ஊத்தி உள்ள கறியும் உருளைக்கிழங்கும் வச்சு சுருட்டி ரொட்டித்தூள்ல பொரட்டிப் பொரிக்கறது. சாயங்காலம் வேலை முடிஞ்சு ரயில் பிடிக்க ஓடறவங்க ரெண்டு ரோல்ஸும் ஒரு டீயும் நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடுவாங்க. மத்தியானம்னா சோறும் கறியும், மரக்கறிச் சாப்பாடுன்னு கேட்டா பருப்பு, கத்தரிக்காய் பால்கறி, வறைன்னு சொல்ற பொரியல், அப்பளம், ரசம்னு வரும், பத்துப் பன்னெண்டு யூரோவுல வயிறு நெறஞ்சிடும். ராத்திரி இடியப்பம், புட்டு, அப்பம். சிவப்பரிசி மாவுல புழிஞ்ச இடியப்பத்துக்கு தேங்காப்பால் சொதி ஊத்தி சம்பல் வச்சு சாப்பிடணும், அத நான் எழுதி உங்களுக்குப் புரியவைக்க முடியாது, வந்து சாப்பிட்டுத்தான் பாக்கணும். சொதி காரமே இருக்காது, பச்சமிளகா வாசனையும் எலுமிச்சம்பழப் புளிப்பும்தான், வயசானவங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் தைரியமா குடுக்கலாம்.

ஒடியல் கூழுன்னு ஒண்ணு இருக்கு, பனங்கிழங்கு மாவுல நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சறது, அது கடையில சாப்பிடறதவிட யாராச்சும் வீட்டுக்குக் கூப்பிட்டா சாப்பிடணும். கூப்பிடுவாங்க, கொஞ்சம் பழகிட்டா போதும்.

மளிகைக் கடையப் பத்தி ஒரு வரிகூட எழுதாம விட்டுட்டாங்க உங்க கட்டுரையில. ரூ காய்னு ஒரு சின்ன தெரு இருக்கு, அங்க விடி கேஷ் அண்ட் கேரின்னு ஒரு கடை, சனி ஞாயிறுல உள்ள நொழையவே எடம் இருக்காது. முருங்கைக்காய், வாழைப்பூ, பாகற்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலைக் கட்டு, ஒரு பக்கம் ஃப்ரீசர்ல பனங்கிழங்கும் மரவள்ளியும் கணவாயும், இன்னொரு பக்கம் இட்லி அரிசி, குரக்கன் மான்னு சொல்ற கேழ்வரகு மாவு, மாசின்னு சொல்ற காய்ஞ்ச சூரை மீன், கருவாடு. எங்க பக்கத்து வடகம்கூட கிடைக்கும், தாளிக்கறதுக்கு. அதே வடகத்தத்தான் பெரிய பிரெஞ்சு செஃப்கள் வடுவான்னு பேர் வச்சு சின்ன டப்பாவுல போட்டு கொள்ளை வெலைக்கு வாங்கி மீனுக்குத் தூவறாங்க, அது தனிக் கதை. 2014 மே மாசம் பழ ஈ வருதுன்னு சொல்லி ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்தையும் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பையும் தடை பண்ணிச்சு, மாம்பழத் தடைய அடுத்த வருஷம்தான் எடுத்தாங்க. அந்த சமயத்துலயும் இந்தத் தெருக் கடைக்காரங்க எங்கெங்கேர்ந்தோ காய்கறி வரவழைச்சு எங்க அடுப்ப எரிய வச்சாங்க. சார்செல்ல இருக்கற ஒரு காரைக்கால் குடும்பம் இன்னைக்கு வாரம் மூணு நாள் முருங்கைக்காய் சாம்பார் வைக்குதுன்னா அது அவங்க போட்ட கடையினாலதான், எங்க அம்மா சாகற வரைக்கும் அத சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

ஊர்லேர்ந்து வர்றவங்களுக்காக சில விஷயம் சொல்லிடறேன், தயவு செஞ்சு இத வெட்டாம போடுங்க. சார்ல் து கோல் ஏர்போர்ட்லேர்ந்து ஆர்இஆர் பிங்கிற புறநகர் ரயில் பிடிச்சா அரை மணி சொச்சத்துல கார் து நோர், லண்டன்லேர்ந்து யூரோஸ்டார்ல வர்றவங்க எறங்கறதும் அதே ஸ்டேஷன்தான், ஸ்டேஷனுக்கு உள்ளயே சுரங்கப்பாதையில நடந்து லாச்சப்பல் மெட்ரோவுக்குப் போயிடலாம், வெளிய வந்து நடந்தாலும் பத்து நிமிஷம்கூட ஆகாது. பிரெஞ்சு ரெஸ்டாரன்டெல்லாம் மத்தியானம் ரெண்டரைக்கு மேல அடுப்ப அணைச்சிட்டா ஏழு மணி வரைக்கும் ஒண்ணும் கிடைக்காது, இங்க நடுவுல மூடறது ரொம்ப கம்மி, மியூசியம் சுத்திட்டு நாலு மணிக்கு வந்து தோசை கேட்டாலும் குடுப்பாங்க. தண்ணி பாட்டில் வாங்க வேண்டாம், ஜாடித் தண்ணி கேட்டா காசு இல்லாம குடுக்கணும்ங்கிறது இந்த நாட்டுச் சட்டம். ஸ்டேஷன் பக்கம் ஜேப்படி உண்டு, பாஸ்போர்ட்டயும் போனையும் பத்திரமா வச்சுக்கோங்க, அதுக்கு பயந்து வராம இருக்காதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு குழந்தைய தள்ளுவண்டியில வச்சுக்கிட்டு பொம்பளைங்க தனியா கறிவேப்பிலை வாங்கிட்டு போற தெரு இது.

ஆகஸ்ட் கடைசி இல்லாட்டி செப்டம்பர் மொத ஞாயிறு வாக்குல பாரிஸ்ல இருந்தீங்கன்னா தேர் பாக்காம போகாதீங்க. ரூ பஜோல்ல இருக்கற மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர், 1985ல ஆரம்பிச்ச கோயில் அது. தேர் வர்ற வழியெல்லாம் கடை வாசல்ல மஞ்சள் தடவின தேங்காய மலையா குவிச்சு வச்சு கற்பூரம் கொளுத்தி உடைப்பாங்க, ரோடே தேங்காத்தண்ணியில நனைஞ்சு கெடக்கும், காவடி, நாதஸ்வரம், தவில், பிரெஞ்சு போலீஸ்காரங்க ஓரமா நின்னு வழி விட்டுக்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு மோரும் சர்பத்தும் சோறும் யார்கிட்டயும் காசு வாங்காம குடுப்பாங்க. வெள்ளைக்காரங்க, ஆப்பிரிக்காக்காரங்க, அரபுக்காரங்க எல்லாரும் வரிசையில நின்னு வாங்கிச் சாப்பிடுவாங்க, அந்தக் காட்சிய உங்க பத்திரிகை ஒரு முழுப் பக்கம் போடலாம்.

புதுசா ஒரு கவலையும் இருக்கு. வாடகை ஏறிக்கிட்டே போகுது, மொத தலைமுறை கடைக்காரங்களுக்கு வயசாயிடுச்சு, அவங்க புள்ளைங்க படிச்சு இஞ்சினியர் டாக்டர்னு போறாங்க, போகத்தான் வேணும், அதுக்குத்தான் அப்பா அம்மா ராப்பகலா ஒழைச்சாங்க. ஆனா அந்த அடுப்புல அடுத்து யார் நிக்கப் போறாங்கன்னு தெரியல. தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேளை இங்க ஒக்காந்து சாப்பிட்டா அது இவங்களுக்கு எவ்வளவு பெரிய பலம், அதுவும் தொப்புள்கொடி உறவுன்னு மேடையில பேசறவங்க பாரிஸ் வந்தா இந்தத் தெருவுக்கு வந்து ஒரு புட்டு சாப்பிட்டுட்டுப் போகணும்னு நான் ஆசைப்படறேன்.

அதனால ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையோட அடுத்த பாகம் ஒண்ணு போடுங்க, லாச்சப்பல்ங்கிற பேரையும் ஈழத்தமிழர்ங்கிற பேரையும் தலைப்புலயே போடுங்க. உங்க நிருபர் யாராச்சும் வந்தா கார் து நோர் ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன், காலையில அப்பத்துல ஆரம்பிச்சா ராத்திரி கொத்து வரைக்கும் எல்லாக் கடையும் காட்டறேன். வர்றவங்க சைவமா அசைவமான்னு மட்டும் முன்னாடியே ஒரு வார்த்தை எழுதிடச் சொல்லுங்க.

அன்புடன்,
காரைக்கால் வாசகர் ஒருவர்
சார்செல், பிரான்ஸ்